உப்புச் சன்னல்

ஹென்னிங் அந்த வெள்ளிக்கிழமையும் கேக் டப்பாவோடு வந்தார். பார்த்ததும் ஆய்வுக்கூடமே சிரித்தது.

கோபன்ஹேகனுக்கு வெளியே இருக்கும் எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதையாவது கெடுத்தவர் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கேக் கொண்டுவர வேண்டும். என்ன கெடுத்தோம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கேக்கைச் சாப்பிட்ட பிறகு அந்தத் தப்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

பன்னிரண்டு வருஷ நோட்டில் ஹென்னிங் பெயர் மட்டும் முப்பத்தேழு தடவை. இதோடு முப்பத்தெட்டு.

நான் எண்ணிப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. ஆட்குறைப்பு. ஹென்னிங்கையும் சேர்த்து இருக்கும் இரண்டு டெக்னீஷியன்களில் ஒருவரை அனுப்பியாக வேண்டுமாம். குழுத் தலைவி என்ற முறையில் நான்தான் திங்கட்கிழமைக்குள் பெயர் எழுதித் தர வேண்டும். இந்த நோட்டைப் பார்த்த யாரும் ஒரு நிமிஷம்கூட யோசிக்க மாட்டார்கள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பிஎச்.டி. முடித்து இங்கே போஸ்ட்டாக் ஆய்வாளராக வந்தபோது எனக்கு ஒரு வருஷ கான்ட்ராக்ட். ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யாத அந்தப் பழைய அறையில், கோட்டைக் கழற்றாமல், ஹென்னிங்கின் ஃபிளாஸ்க் காபியைப் பங்கு போட்டுக் குடிப்போம். வந்த மாதமே அவர் எதையோ கெடுத்துவிட்டுக் கேக் கொண்டுவந்தார். மேலே தேங்காய்த் துருவலும் சர்க்கரைப் பாகும். நான் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "உங்க கைய இன்ஷூர் பண்ணி வைங்க" என்று கிண்டலும் செய்தேன். 

எங்கள் வேலை, கப்பல் பெயின்ட்டைச் சுரண்டாமலே அடியில் துரு இருக்கிறதா என்று பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வைத்துப் பார்க்கிறோம். அந்த ஒளி சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. அதனால் கருவியின் சன்னல் உப்பு. கண்ணாடி போலவே பளபளவென்று தேய்த்த உப்புக் கட்டி. ஈரம் பட்டால் தொலைந்தது.

முந்தின நாள் மாலை கதவுக் கண்ணாடி வழியாக நான் பார்த்ததுதான் என்னைக் குழப்பியது. புது போஸ்ட்டாக் யெப்பே, சன்னலைக் கழற்றினான். வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதினான். சட்டை நுனியால் துடைத்தான். நான் கதவைத் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. தானே ஒப்புக்கொள்கிறானா பார்ப்போம் என்று சத்தம் போடாமல் வந்துவிட்டேன். தலைவியானால் வரும் புத்தி.

இப்போது ஹென்னிங் நோட்டில் எழுதியதை உரக்கப் படித்தார்.

"உப்புச் சன்னலை ஈரத்துணியால துடைச்சுட்டேன். பால் மாதிரி வெளுத்துப் போச்சு. வேற ஒண்ணு தேய்ச்சு மாட்டியாச்சு." நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். "துணி, விரல், மூச்சு எதுவும் அதுல படக் கூடாது. எனக்கே மறந்து போச்சு பாருங்க."

மூச்சு என்றதும் யெப்பேயின் ஃபோர்க் பாதியில் நின்றது. பிறகு அவனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். இரண்டாவது துண்டு வேறு எடுத்துக்கொண்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேக் முடிந்ததும் ஹென்னிங்கை என் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அது நீங்க இல்ல. யெப்பேதான். நான் பாத்தேன்."

ஹென்னிங் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புதன்கிழமை அவனுக்குச் சம்பளப் பணம் குடுக்கிற பெயின்ட் கம்பெனிக்காரங்க வர்றாங்க. அவன் கான்ட்ராக்ட்ட நீட்டிக்கிறதா வேண்டாமான்னு அன்னிக்குத்தான் முடிவு. இப்போ போய் நோட்டுல அவன் பேரு ஏறணுமா? என்னோடது நிரந்தர வேலை. என்னை யாரு என்ன பண்ணப் போறாங்க."

மேசை மேல் கிடந்த ஆட்குறைப்புப் படிவத்தை என் கை தானாக மூடியது.

"அப்போ அந்த முப்பத்தேழும்?"

"ஏழெட்டு என்னோடதுதான்" என்றார் கூச்சத்தோடு. "மத்ததெல்லாம் வந்த புதுசுல பிள்ளைங்க பண்றது. கேக் திங்கும்போது சொன்னா மண்டையில ஏறிடும். அடுத்த தடவை பண்ண மாட்டாங்க."

அவர் எதிரிலேயே படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். என்ன காகிதம் என்று அவர் கேட்கவில்லை. இந்தக் கூடத்திலிருந்து அனுப்ப யாரும் இல்லை என்று மேலிடத்தில் நானே நேரில் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் யெப்பே மேல் இருந்த கோபம் மட்டும் அடங்கவில்லை.

"தான் பண்ணினதுன்னு தெரிஞ்சும் வாயத் திறக்காம ரெண்டு துண்டு முழுங்கினான் பாருங்க, அதத்தான் என்னால பொறுத்துக்க முடியல. கூப்பிட்டு நல்லாக் கேக்கப் போறேன்."

சொல்லிக்கொண்டே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். 'ஹா' என்று ஊதி, சட்டை நுனியில் துடைத்தேன்.

ஹென்னிங் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"விடு, மெரெட்டே. கேக் சாப்பிட்டாச்சுன்னா அதப் பத்திப் பேசக் கூடாது. பன்னெண்டு வருஷமா உன்னோடதப் பத்தி நான் பேசியிருக்கேனா?"