எட்டிப் பார்க்கும் சிவப்பு

"இதைவிடப் பெருசா ஒண்ணு இல்லையா?"

கண்ணாடி முன்னால் நின்றபடி அந்த அம்மாள் கேட்டதும் கடைக்காரிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

ஐம்பதைத் தொட்ட, நல்ல பூசினாற்போன்ற உடம்பு. அதில் இடுப்பை இறுக்கிப் பிடித்து, கீழே குடையாய் விரியும் பழைய பாணி கவுன். உள்ளே ஏற்கெனவே மூன்றடுக்கு வலைத்துணிப் பாவாடை. அந்த அம்மாள் சட்டென்று திரும்பினால் மேஜை மேலிருக்கும் நூல்கண்டெல்லாம் தரையில் உருளும்.

பழைய பாணி கவுன்களையும் அதற்கேற்ற உள்பாவாடைகளையும் மட்டுமே தைத்து விற்கிற கடை அது. யாருக்கு எந்த கவுன், உள்ளே எந்தப் பாவாடை என்று ஆள் படியேறும்போதே கடைக்காரி கண்ணாலேயே அளந்துவிடுவாள். கூடவே ஆளையும் எடை போட்டுவிடுவாள். இரண்டிலும் தான் தவறியதே இல்லை என்பது அவளுடைய நினைப்பு.

"இருக்கு மேடம். ஆனா உங்களுக்கு அது வேண்டாம். மெல்லிசா ரெண்டடுக்கு போட்டீங்கன்னா இடுப்பு எடுப்பாத் தெரியும். உட்கார எழுந்திருக்கவும் சௌகரியம்."

"சௌகரியத்தை வீட்ல பார்த்துக்கலாம். மேல தொங்குதே, அந்தச் சிவப்பை எடுங்க."

நாடகக்காரர்கள் மட்டுமே கேட்டு வாங்குகிற விறைப்பான ரகம் அது. போட்டுக்கொண்டு நடந்தால் சரசரவென்று சத்தம் வேறு போடும். மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள்.

உடை மாற்றும் அறையிலிருந்து அந்த அம்மாள் பக்கவாட்டில்தான் வெளியே வர முடிந்தது. கருநீல கவுனுக்குக் கீழே சிவப்பு வலை வெளியே வழிந்துகொண்டிருந்தது.

"மேடம், உள்பாவாடைன்னா கவுனைவிட ரெண்டு விரல் குட்டையா இருக்கணும். இது எட்டிப் பார்க்குது. பார்க்கிறவங்க கண்ணு நேரா அங்கேதான் போகும்."

"போகட்டும். கவுனை இன்னும் கொஞ்சம் தூக்கித் தைச்சுடுங்க."

சொல்லிவிட்டு, மூலை நாற்காலியில் இருந்த பெண்ணைப் பார்த்தாள். அவளுடைய நாத்தனார். முப்பது வயதிருக்கும். பளிச்சென்ற முகம், நீண்ட கழுத்து, எதைப் போட்டாலும் எடுப்பாக இருக்கிற உடல்வாகு. வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

"எப்படிடா இருக்கு? கண்ணை உறுத்துதா?"

"ரொம்ப உறுத்துது அண்ணி."

"அப்ப சரி."

"இவங்களுக்கு என்ன பார்க்கலாம்?" என்று கடைக்காரி ஆசையோடு கேட்டாள்.

"அவளுக்கு அந்தச் சாம்பல் கலர் போதும். உள்ளே சாதாப் பருத்திப் பாவாடை, ஒட்டினாப்புல. விரியவே கூடாது."

"சரி அண்ணி" என்றாள் நாத்தனார்.

கடைக்காரிக்குச் சுருக்கென்றது. தான் மட்டும் ஜொலிக்க வேண்டும், கூட வருகிறவள் மங்கிக் கிடக்க வேண்டும். இந்த மாதிரி ஆட்கள் எத்தனை பேரை இந்தக் கண்ணாடி பார்த்திருக்கிறது!

அந்த நேரம் பார்த்து அண்ணிக்கு போன் வந்தது. சிக்னல் கிடைக்காமல், போட்ட உடையோடு சரசரத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். தெருவில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

இதுதான் சமயமென்று கடைக்காரி, வெண்ணெய் நிற கவுன் ஒன்றை எடுத்தாள். உள்ளே போட, மேகம் போல மெத்தென்ற இரண்டடுக்குப் பாவாடை. உடம்பில் உரசாமலிருக்க உள்பக்கம் பட்டுத்துணி கொடுத்துத் தைத்தது.

"சும்மா போட்டுத்தான் பாருங்களேன்."

அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். அளவெடுத்தது போல உட்கார்ந்திருந்தது. ஒருமுறை மெல்லச் சுற்றினாள். பாவாடையும் கூடவே சுற்றி அடங்கியது. கண்ணாடியில் தன்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"அழகா இருக்கு. ஆனா இப்ப வேண்டாங்க. இன்னொரு நாள் வாங்கிக்கிறேன்."

கடைக்காரியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க, மனசுல பட்டதைச் சொல்றேன். உங்க அண்ணி, எல்லார் கண்ணும் தன் மேலயே இருக்கணும்னு பார்க்கிறாங்க. அதுக்குத்தான் உங்களைச் சாம்பலுக்குள்ள அமுக்கிப் போடுறாங்க. நீங்களும் தலையை ஆட்டிக்கிட்டு இருக்கீங்க."

அந்தப் பெண் கோபப்படவில்லை.

"நீங்க சொல்றது நிஜம்தான். எல்லார் கண்ணும் அவங்க மேலதான் இருக்கணும்."

"என்னங்க சொல்றீங்க?" என்றாள் கடைக்காரி.

"எங்க சித்தப்பா வீட்டுக் கல்யாண விருந்து. எல்லாரும் பழைய பாணி உடுப்புலதான் வரணுமாம். என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போன பிறகு சொந்தக்காரங்களை நான் பார்க்கப்போறது இதுதான் முதல் தடவை. என்ன ஆச்சு, யார் மேல தப்புன்னு ஆளாளுக்குக் குடைவாங்க. நான் வரவே மாட்டேன்னு கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்தேன்."

வாசல் பக்கம் சரசரப்புக் கேட்டது. அண்ணி போனைப் பைக்குள் போட்டபடி திரும்பி வந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணி பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். பழுப்பையும் சாம்பலையும் தவிர வேற கலர் அவங்க உடுத்தி நான் பார்த்ததே இல்லை. போட்டோ எடுக்கிறாங்கன்னாகூடக் கடைசி வரிசையில போய் ஒளிஞ்சுக்குவாங்க. அவங்கதான் கதவைத் தட்டிச் சொன்னாங்க, 'நீ தைரியமாக் கிளம்பு. அன்னைக்கு முழுக்க என் பாவாடையைப் பத்திப் பேசவே சொந்தக்காரங்களுக்கு நேரம் பத்தாது'ன்னு."