கடைசி பெஞ்சு

இத்தனை வருஷமும் பாலர் வகுப்பில் கைதட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சரை, வேதியியல் படித்தவராயிற்றே என்று திடுதிப்பென்று பன்னிரண்டாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். கேள்விப்பட்ட விளையாட்டு வாத்தியார் வகுப்பு வாசலுக்கே ஓடி வந்து டீச்சரை மறித்தார்.

"அதுங்க பசங்க இல்ல டீச்சர், பிசாசுங்க! இந்த வருஷமே ரெண்டு வாத்தியாரை அழவிட்டு அனுப்பியிருக்கானுங்க. நான் வாசல்லயே நிக்கிறேன். ஒரு குரல் குடுங்க, ஓடி வர்றேன்."

"அதெல்லாம் வேணாம் சார். முதல்ல பெஞ்சையெல்லாம் ஒழுங்கா போடணும்" என்று சிரித்தபடி டீச்சர் உள்ளே போனார்.

ஊளையும் விசிலும் காதைப் பிளந்தன. திடீரென்று கப்சிப்.

'போச்சு, மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க!' என்று பதறியடித்துக் கதவைத் திறந்தார் வாத்தியார்.

கோணல்மாணலாகக் கிடந்த பெஞ்சுகளை மீசை முளைத்த தடியன்கள் சத்தமே வராமல் தூக்கி நேராகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சை விட்டு யாராலும் அசைக்க முடியாத 'புல்டோசர்', முதல் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். பெண்கள் வரிசை மட்டும் ஆவலோடு டீச்சர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன டீச்சர், மந்திரம் கிந்திரம் போட்டீங்களா?"

டீச்சர் வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மந்திரமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். இவங்க எல்லாருமே என்கிட்ட பாலர் வகுப்பு படிச்சவங்கதான். அப்போ யார் யாருக்கு நான் ட்ரவுசர் மாத்திவிட்டேன்னு பொண்ணுங்களுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டேன். அவ்வளவுதான்!"