எழும்பி நின்றவர்கள்

சிமியோன் விடுதிச் சாப்பாட்டு மண்டபத்துக்குள் கால் வைத்ததுதான் தாமதம், நீள வாங்குகளில் அமர்ந்திருந்த மாணவர்கள் அத்தனை பேரும் விருட்டென்று எழும்பிவிட்டார்கள். முன்னால் ஆவி பறக்கும் சோறு. அதைக்கூடத் தொடாமல் எழும்பிவிட்டார்கள்.

யன்னலுக்கு வெளியே நின்ற செபநாயகம் அதைப் பார்த்துவிட்டார். மகன் சிமியோனைப் பார்க்கவென்று குருநகரிலிருந்து பஸ் மாறி வந்தவர். கையில் மனைவி செபஸ்தியம்மா பொரித்துக் கட்டிக் கொடுத்த மீன் இன்னும் சூடாறவில்லை.

இந்தக் காட்சி அவருக்குப் புதிதல்ல. முன்னொருமுறை பெரிய வீடு ஒன்றில் கலியாணத்துக்குக் கூப்பிட்டார்களே என்று சால்வையும் போட்டுக்கொண்டு போயிருந்தார். பந்தியில் அவர் இருந்ததும் இருபக்கமும் இருந்தவர்கள், "கை கழுவிக்கொண்டு வாறம்" என்று எழும்பிப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

கடல்தொழில் செய்கிறவனோடு சரிசமமாய் இருந்து தின்றால் அவர்களுடைய பெருமை கரைந்துவிடுமாம்! அன்றைக்குத் தனியே விழுங்கிய சோறு இன்னும் செபநாயகத்தின் தொண்டையில்தான் நிற்கிறது.

அதனால்தான் மகனை இந்தக் கல்லூரியில் சேர்த்தார். சின்னக் கல்லூரிதான். ஆனால் ஒரு பிள்ளையே தத்துவமும் படிக்கலாம், பொருளியலும் படிக்கலாம், பின்னேரத்தில் நாடகம் போடலாம், மேடையேறி விவாதம் பேசலாம், சாதி சமயம் பாராமல் எல்லோரோடும் ஒன்றாய் இருந்து சாப்பிடலாம் என்று பங்குச் சுவாமியார் சொல்லியிருந்தார். சுவாமியாரும் நம்பித்தான் சொல்லியிருப்பார், பாவம்.

இன்றைக்கு வந்தபோது கேற்றடியிலேயே செபநாயகத்துக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய தியாகராசா என்ற மாணவன் அங்கே நின்றான். சிமியோனைப் பார்க்கவேண்டும் என்று இவர் சொன்னதும் அவன் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டான்.

"நீங்கள் அவரின்ரை அப்பாவோ? வாங்கோ ஐயா. அவர் இப்ப சாப்பிட வருவார். நீங்களும் உள்ளுக்கு வந்து இருங்கோவன்."

அவராம், அவர்! மீன்காரனின் மகனை அவர் என்று சொல்லி நக்கலடிக்கிறான் என்று செபநாயகம் பல்லைக் கடித்தார். பிள்ளையின் படிப்பை நினைத்துப் பொறுத்துக்கொண்டு, "நான் வெளியிலை நிக்கிறன்" என்று ஒதுங்கிவிட்டார்.

இப்போது பார்த்தால் முதலில் எழும்பியவனே அந்தத் தியாகராசாதான்.

மற்றவர்களுக்கெல்லாம் நீள வாங்கு, தோளோடு தோள் முட்டிக்கொண்டு இருக்கலாம். மேசையின் ஒரு முனையில், எல்லோருக்கும் எட்டத்தில், ஒரு தனிக் கதிரை. தலையைக் குனிந்துகொண்டு சிமியோன் அதை நோக்கித்தான் நடந்தான்.

அதற்கு மேல் செபநாயகத்தால் தாங்க முடியவில்லை. மீன் பொதியை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே பாய்ந்தார்.

"ஏனடா எழும்பினனீங்கள்? என்ரை பிள்ளையிலை மீன் மணக்குதோ?"

சிமியோன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"அப்பு! நீங்கள் எப்ப வந்தனீங்கள்? கொஞ்சம் பொறுங்கோ, இது வந்து..."

"நீ வாயைப் பொத்து! உவங்களுக்கு வக்காலத்து வாங்கவோ உன்னைப் படிக்க விட்டனான்?" செபநாயகம் மகனின் கையை இறுக்கிப் பிடித்தார். "நட, வீட்டை போவம். நாளைக்கு விடியவே என்னோடை வள்ளத்திலை வா. கடல் ஒருத்தனையும் தள்ளி வைக்காது."

"சோதினை வருது அப்பு. என்னைக் கதைக்க விடுங்கோ."

"சோதினையும் மண்ணாங்கட்டியும்! மானங்கெட்டுப் படிக்கிற படிப்பு எனக்கு வேண்டாம்."

வந்த கோபத்தில் அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. பிடித்த கையை விடாமலே மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"இருங்கோடா! நான் சொல்லுறன், இருங்கோ!"

ஒருவரும் இருக்கவில்லை. ஆளையாள் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். அதைக் கண்டதும் செபநாயகத்துக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"பாத்தியோ சிமியோன்? இவ்வளவு கத்தியும் ஒருத்தனாவது இருந்தானோ? பட்டம் படிக்கிறாங்களாம், பட்டம்! மனசுக்குள்ளை கிடக்கிற ஊத்தை எந்தப் புத்தகத்தாலையும் போகாதடா!"

தியாகராசா இரண்டடி முன்னே வந்தான்.

"நாங்கள் இருக்கேலாது, ஐயா."

"ஏன் ஏலாது? என்ரை மகனோடை இருந்தால் உன்ரை திருநீறு அழிஞ்சு போமோ?" செபநாயகம் அவனுடைய சட்டையை எட்டிப் பிடித்துவிட்டார். சிமியோன் பதறிப்போய் இடையில் புகுந்தான்.

தியாகராசா விலகவுமில்லை, கையைத் தட்டிவிடவுமில்லை. மெல்லச் சொன்னான்.

"சிமியோன் அண்ணையை முந்தநாள்தான் எங்கடை விடுதித் தலைவராய்த் தெரிஞ்செடுத்தனாங்கள். தலைவர் தன்ரை கதிரையிலை இருக்கிறதுக்கு முதல் நாங்கள் இருக்கக்கூடாது, ஐயா."