மீனுக்கு ஆகாத மணல்

அக்கா வீட்டுக்காரர் உப்புநீர் மீன்தொட்டி வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், வெல்டர் ஒரு வாளி நிறையக் கடற்கரை மணலை அள்ளி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

அத்தான் வாசலிலேயே மறித்தார். "அதை உள்ள கொண்டு வராத மாப்ளே. ஊர்ச் சாக்கடை, கம்பெனிக் கழிவு எல்லாம் அதுலதான் கலக்குது. மீன் ஒரு நாள் தாங்காது."

"நாலு தடவை அலசிட்டேன் அத்தான்."

"நாப்பது தடவை அலசினாலும் போகாது."

வெல்டர் வாளியைக் கீழே வைத்தார். "என் பிள்ளைங்க தினமும் அதுலதான் உருண்டு புரளுதுங்க. 'மணல் சுத்தமானது, குழந்தைகள் விளையாடலாம்'னு போன மாசம்தானே அங்க போர்டு வச்சாங்க?"

"அது மனுஷங்களுக்காக எழுதினது. இது விலை ஒசந்த மீன் மாப்ளே" என்றார், மணலைச் சோதித்து அந்தப் போர்டுக்குக் கையெழுத்துப் போட்ட சுகாதார அதிகாரியான அத்தான்.