சிம் போடாத டேப்

“சிம் போடுற ஓட்டை இல்லாத டேப்பாப் பாத்துக் குடுங்க அண்ணாச்சி” என்றாள் சொர்ணத்தாய்.

சுந்தரபாண்டியன் நிமிர்ந்து பார்த்தார். கோவில்பட்டி மெயின் ரோட்டில் செல்போன் கடை வைத்த நாளிலிருந்து, இதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இன்னது இருக்கவே கூடாது என்று கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

“கொஞ்சம் இருங்கம்மா. எதுக்கு வாங்குதீங்க? அத மொதல்ல சொல்லுங்க.”

பதில் அவள் புருஷன் சாமித்துரையிடமிருந்து வந்தது.

“மஸ்கட்டுல பேத்தி பொறந்திருக்கா அண்ணாச்சி. மக போன் போட்டு, அழுகுத சத்தத்தக் கேக்க வச்சா. மூஞ்சியப் பாக்கணும்லா? எங்ககிட்ட இருக்கது பட்டன் போனு. பெருசா ஒண்ணு வாங்குங்க, வீடியோவுல காட்டுதேன்னு சொல்லியிருக்கா.”

சொல்லும்போதே மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நாகலாபுரத்திலிருந்து பஸ் மாறி வந்த களைப்பெல்லாம் எங்கே போனதோ! பார்க்கச் சுந்தரபாண்டியனுக்கே சந்தோஷமாக இருந்தது. இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. இது வெறும் வைஃபை, பதிமூணாயிரம். இதுல சிம்மும் போடலாம், பதினாறாயிரம். வீட்டுல வைஃபை இருக்கா?”

“இல்ல” என்றார் சாமித்துரை.

“அப்போ சிம் போடுறதுதான் உங்களுக்கு. நெட்டு இல்லாம அத வச்சு உத்துப் பாத்தா பேத்தி தெரிய மாட்டா, உங்க மூஞ்சிதான் தெரியும்.”

சாமித்துரை வாய்விட்டுச் சிரித்தார். “சிம் உள்ளதையே எடுங்க. மக்காச்சோளம் வித்த காசு கையில இருக்கு.”

“வேண்டாம்” என்றாள் சொர்ணத்தாய். “சிம் போட்டா கண்டவனும் கூப்பிடுவான். ஓடிபி கேப்பான். நீங்க வெள்ளந்தியா எடுத்துச் சொல்லிருவீங்க. பேங்க்ல கிடக்கதும் போயிரும்.”

ஓடிபி என்ற சொல்லைக் கேட்டதும் சாமித்துரைக்குப் பாதி வீரம் இறங்கிவிட்டது. சுந்தரபாண்டியன்தான் விடவில்லை.

“யாரும் கூப்பிடாத மாதிரி நான் செட் பண்ணித் தாரேம்மா.”

“மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணணும்லா?”

“நெட்டுக்கு மட்டும் சின்ன பிளான் இருக்கு.”

“எங்க நாகலாபுரத்துல டவர் எடுக்காது.”

“உங்க ஊர்ல எனக்கு எத்தனை கஸ்டமரு! நல்லா எடுக்குது.”

ஒன்றுக்குப் பதில் சொன்னால் இன்னொன்று வந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டுச் சாமித்துரையே கேட்டார்: “அப்போ நெட்டுக்கு எங்கதான் போவ?”

“பஞ்சாயத்து ஆபீசுல வைஃபை வரப்போகுதாம்.”

“ஏட்டி, பெத்த மக புள்ளையப் பாக்கதுக்குப் பஞ்சாயத்து ஆபீசுல போய் நிக்கச் சொல்லுதியா?”

சொர்ணத்தாய் அசையவில்லை.

“என்னமும் வாங்கு. பேத்தி மூஞ்சி மட்டும் தெரியலன்னா இருக்கு உனக்கு!” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்த்த டீக்கடைக்கு நடந்தார் சாமித்துரை. வரும்போது இருந்த சிரிப்பில் ஒரு துளி இல்லை.

சுந்தரபாண்டியனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவள்மேல் கோபமும் வந்தது. வைஃபை பெட்டியை எடுத்து அலமாரியிலேயே திரும்ப வைத்தார்.

“நான் இத உங்களுக்கு விக்க மாட்டேம்மா. நாளைக்கே வேலை செய்யலன்னு தூக்கிட்டு வருவீங்க. மூவாயிரத்துக்காக அந்த மனுசன் ஆசையக் கெடுக்காதீங்க.”

சொர்ணத்தாய் ரோட்டை எட்டிப் பார்த்தாள். புருஷன் கையில் டீ கிளாஸ் வந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தாள்.

“பக்கத்து வீட்டுல இப்போ வைஃபை மாட்டியிருக்காவ அண்ணாச்சி.”

“அத மொதல்லயே சொல்லலாம்லா? பாஸ்வேர்டக் கேட்டு வாங்கினா முடிஞ்சுது சோலி.”

“அது இவிய கூடப்பொறந்த அண்ணன் வீடு. எங்க மக கல்யாணப் பத்திரிகையில பெரியத்தான் பேரு விட்டுப்போச்சு. அச்சாபீஸ்ல நடந்த தப்பு. இவிய வேற பத்திரிகை அடிச்சிருக்கலாம். ‘அண்ணன்தான, ஒண்ணும் நினைக்க மாட்டாவ’ன்னு இருந்துட்டாவ. பெரியத்தான் கல்யாணத்துக்கே வரல. ‘இனிமே அவன் பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது’ன்னுட்டாவ. நடுவுல ஒரு சுவருதான், அன்னையிலருந்து பேச்சு கிடையாது.”

சுந்தரபாண்டியன் அலமாரியிலிருந்த வைஃபை பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“சிம் போட்டுட்டா, இவிய கட்டில்ல படுத்துக்கிட்டே பேத்தியப் பாத்துருவாவ. இதுன்னா, பாஸ்வேர்டு கேக்கவாவது அந்தப் படி ஏறித்தான ஆவணும்?”

வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது அவருக்கு. அலமாரியில் வைத்த பெட்டியை மறுபடி எடுத்து, தூசியில்லாத பெட்டியைத் துடைத்தார். ஆனாலும் ஒரு சந்தேகம் விடவில்லை.

“இவரு போயிருவாரும்மா, பேத்தி இழுத்துட்டுப் போயிருவா. அந்தப் பக்கம் யோசிச்சீங்களா? பேரே கேக்கக் கூடாதுன்ன மனுசன், பாஸ்வேர்டச் சொல்லிருவாரா?”

கடைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாகச் சொர்ணத்தாய் சிரித்தாள்.

“பெரியத்தான் வீட்டு அக்கா என்கிட்ட ரகசியமாச் சொன்னாவ அண்ணாச்சி. வைஃபை மாட்ட வந்தவன் பாஸ்வேர்டு என்ன வைக்கன்னு கேட்டதுக்கு, பெரியத்தான் தம்பி பேரத்தான் சொன்னாவளாம்.”