கிழிந்த ரப்பர்

“தோ பாருய்யா! இன்னா இதுன்னு கண்ணைத் தொறந்து பாரு!”

கார்குழலி வீசிய கறுப்பு ரப்பர், வாசற்படியில் உட்கார்ந்திருந்தவரின் மடியில் போய் விழுந்தது. மடிப்பு மடிப்பாக இருந்த அந்த உறை நடுவில் வாய் பிளந்து, கிரீஸும் மண்ணும் அப்பிக் கிடந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் கறை.

காலடிப்பேட்டையில் அந்த மாடி வீட்டைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. புரோக்கர் சொன்ன அடையாளம் அப்படியே இருந்தது. கேட்டில் ‘ஞானதுரை’ என்று பித்தளை எழுத்து வேறு.

அவர் பதறி எழுந்தார். ஒடிசலான ஆள். “அம்மா, நான் இன்னா சொல்றேன்னா...”

“நீ ஒண்ணியும் சொல்லாத. வண்டியை விக்கும்போது வந்து நின்னியா? புரோக்கரை முன்னால வுட்டுட்டு மூஞ்சியைக் காட்டாம வித்த இல்ல? ஸ்டியரிங்குக்குக் கீழ மாட்டுற ரப்பர் இது. கிழிஞ்சு பூட்ச்சு. புதுசா ஒண்ணு வாங்கி மாட்டாம டேப்பைச் சுத்தி, மேல பெயிண்ட் அடிச்சு என் தலைல கட்டிக்கீற. பேமானி!”

எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. காலையில் நடந்ததே கண்ணுக்குள் நின்றது.

எண்ணூர்ப் பக்கம் கம்பெனி ஆட்களுக்குக் காலையில் இட்லி, சாம்பார் என்று நாஸ்டா கொண்டுபோய் விற்பவள் அவள். அதற்காகத்தான் அந்தப் பழைய வேனை வாங்கினாள். இன்று கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது ஸ்டியரிங் இறுகிக்கொண்டது. உடம்பின் பலத்தையெல்லாம் போட்டு இழுத்தும் திரும்பவில்லை. ஒரு டிரெய்லரின் பின்சக்கரத்தை உரசிக்கொண்டு போய் மண்மேட்டில் மோதி நின்றது வேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் மங்கையின் கையில் கொதிக்கிற சாம்பார் கொட்டியது.

“துட்டு ஒண்ணியும் நீ தர வேணாம். வந்து எம்பொண்ணு கையைப் பாரு. அந்த வண்டியைப் பாரு. நட!”

வீட்டுக் கதவையும் தெருமுனையையும் அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார்.

மெக்கானிக் முபாஷிரின் ஷெட் அடுத்த தெருவில் இருந்தது. ஜாக்கியில் தூக்கி நிறுத்திய வேனின் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மங்கை கட்டுப் போட்ட கையுடன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“ரொம்ப எரியுதாம்மா?” என்று அவர் மங்கையிடம் குனிந்து கேட்டார்.

“இப்ப கேளு! விக்கும்போது இந்தக் கரிசனம் எங்க போச்சு?” என்று பாய்ந்தாள் கார்குழலி.

அவர் வேன் பக்கம் நகர்ந்தார். “தம்பி, இந்த ரப்பர் கிழிஞ்சா இன்னா ஆவும்?”

“உள்ள தண்ணி பூந்துரும் சார். மழைத் தண்ணி, உப்புத் தண்ணி, மண்ணு, எல்லாம் போய் ராடு துருப்புடிச்சு இறுகிக்கும். நல்லவேளை, உள்ள பல்லு தேயல. தொடைச்சு எடுத்துட்டேன், தப்பிச்சிரும்.”

“தெரியாத மாரி நடிக்குது பாரு!” கார்குழலி கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். “சின்ன ரப்பர்ய்யா இது. இதுல ஒருத்தன் உசுரு தொங்கிக்கினு கீதுன்னு உனுக்குத் தெரியாது? நீ ஏமாத்துனது என்னை இல்ல. இந்த வண்டியில நாளைக்கு எவன் ஏறுவானோ அவனை. நைட்டு எப்டிய்யா தூங்குற? சோறு எப்டிய்யா எறங்குது?”

அவர் தலையை மெல்ல மெல்ல ஆட்டினார். திட்டு வாங்குகிறவன் எதிர்த்துப் பேசினால் கோபம் ஏறும். இந்த ஆளோ பிரசங்கம் கேட்பதைப் போல நின்றார். அது அவளை இன்னும் வெறியேற்றியது. கஸ்மாலம், பொறம்போக்கு என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். தொண்டை கட்டிக்கொண்டதும் அவரே ஓடிப்போய் டீ வாங்கி வந்து கொடுத்தார். கோபத்தோடேயே வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடியும் திட்டினாள்.

முபாஷிர் புது உறைக்குள் கிரீஸைத் தடவி, ராடின் மேல் நுழைத்து, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கினான். சக்கரத்தை மாட்டி, வண்டியைக் கீழே இறக்கினான்.

“அக்கா, இப்ப திருப்பிப் பாரு.”

ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. கார்குழலிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இறங்கி வந்து அவர் எதிரில் நின்றாள். குரல் உடைந்துபோயிருந்தது.

“இம்மா நேரம் கத்துறேனே, வாயைத் தொறந்து ஒரு பதில் சொல்ல மாட்டியா? இன்னா மனுசன்ய்யா நீ?”

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நான் பக்தவச்சலம்மா, எனுக்கும் அந்த ஞானதுரை பிரேக் புடிக்காத வண்டி ஒண்ணை வித்துட்டான், கேக்கலாம்னு காலீலேந்து அவன் வூட்டு வாசல்ல குந்திக்கினு இருந்தேன். அந்தாளு மூஞ்சியைப் பாத்தாலே எனுக்கு வாய் வராது, நீ திட்டத் திட்ட மனசு அப்டியே குளுந்து பூட்ச்சு. இந்நேரம் வூட்டுக்கு வந்திருப்பான், அங்க வந்து இன்னொரு வாட்டி திட்டுறியாம்மா?”