நடுமுதுகு

மண்டபத்துக்குள் குறுக்கே உத்தரம் ஓடினால் அழகு கெடும் என்று உரிமையாளர் சொன்னதும், உயரமான தூண்களை இடுப்பில் பிணைத்திருந்த உத்தரங்களை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டவள் பொறியாளர் தில்லைநாயகி. தூண்கள் வளைந்து மண்டபம் சரிந்தபோது கொத்தனார் இசக்கி உள்ளே இருந்தான்.

பாடைக்குப் பின்னால் அவன் அப்பா நடந்தார். நெடுநெடுவென்று ஒல்லியான மனிதர். அழவில்லை. அவர் உடம்பு மெல்ல வளைவதைக் கண்டு தில்லைநாயகி ஓடிப்போய் நடுமுதுகில் உள்ளங்கையை வைத்தாள். அவ்வளவுதான், நிமிர்ந்துவிட்டார்.

“யாரு வீட்டுப் பொண்ணு தாயி நீ? கைய மட்டும் எடுத்துராத,” என்றார் திரும்பாமலே.

தெருமுனை வந்தது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. கூட வந்த பெண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

தில்லைநாயகியின் கை இன்னும் முதுகில் இருக்க, அவர் அடுத்த அடியை எடுத்து வைத்தார்.